உயிலை நிறைவேற்றும் பொறுப்பு உங்களிடம் வந்தால்: நீலகிரிக்காரர்களுக்குப் புரோபேட் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பெரியவர் காலமாகிறார். காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால் நான்கு பக்கத்தில் ஓர் உயில். இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம், ஓட்டு வீடு, வங்கியில் கொஞ்சம் பணம், சில கம்பெனிப் பங்குகள். யாருக்கு எது என்று எழுதிவிட்டு, கடைசியில் "இந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் தங்கை மகனிடம் விடுகிறேன்" என்று முடித்திருக்கிறார். தங்கை மகன் இருப்பது பெங்களூரில். லீவு நாலு நாள். அவர் கேட்கும் முதல் கேள்வி, "இதையெல்லாம் ஆன்லைனிலேயே முடித்துவிடலாமா?"

பாதியை முடிக்கலாம். மனுவைத் தாக்கல் செய்வது, கட்டணம் கட்டுவது, வில்லங்கச் சான்று, பட்டா நகல் எடுப்பது, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது எல்லாம் வீட்டிலிருந்தே நடக்கும். நடக்காதவை இரண்டு. அசல் உயில் நீதிமன்றத்தின் கைக்குப் போயாக வேண்டும். அந்த உயிலில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவராவது "ஆமாம், நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். பலர் காகிதம் சேர்ப்பதிலேயே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுக் கடைசியில்தான் சாட்சியைத் தேடுகிறார்கள். அதற்குள் அவரும் போய்ச் சேர்ந்திருப்பார். அப்படி ஒரு நல்ல உயில் வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புரோபேட் என்பது என்ன?

உயிலின் நகலை இணைத்து, "இது இன்னாருடைய கடைசி உயில்தான், அவருடைய சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் இன்னாருக்கு" என்று நீதிமன்றம் தன் முத்திரையோடு தரும் ஆவணம்தான் புரோபேட். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்கான சட்டம். உயிலில் நிறைவேற்றுபவராக யாரைப் போட்டிருக்கிறதோ அவருக்கு மட்டுமே புரோபேட் கிடைக்கும். பெயர் நேரடியாக இல்லாவிட்டாலும், "கடன்களை அடைத்துவிட்டு மீதியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியது என் தம்பி" என்பதுபோல எழுதியிருந்தால் அந்தத் தம்பியை நிறைவேற்றுபவராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். யாரையுமே போடவில்லை, அல்லது போட்டவர் இறந்துவிட்டார், மாட்டேன் என்கிறார் என்றால், சொத்து பெறுபவர்கள் உயிலை இணைத்து நிர்வாகக் கடிதம் (சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம்) கேட்டு மனுப் போடலாம். அதன் நடைமுறையும் ஏறக்குறைய இதேதான். உயிலே இல்லாமல் இறந்தவரின் கதை வேறு, அது இந்தக் கட்டுரையில் வராது.

மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பெரியவர் நம்பி எழுதிவிட்டாரே என்று தயங்கிக்கொண்டே பொறுப்பை எடுத்துப் பாதியில் விடுவதைவிட, சொத்தில் கை வைப்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்து விலகுவது எல்லோருக்கும் நல்லது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். உயில் உண்மையானதா என்பதை மட்டுமே புரோபேட் நீதிமன்றம் பார்க்கும். சொத்து உண்மையில் பெரியவருடையதுதானா என்பது அதன் வேலை இல்லை. நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. கூடலூர், பந்தலூரில் 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் மூன்று தலைமுறையாக வீடு கட்டி, விவசாயம் செய்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் பட்டா இல்லை. அந்த நிலத்தை உயிலில் எழுதி, அந்த உயிலுக்குப் புரோபேட்டும் வாங்கினாலும் பட்டா முளைத்துவிடாது. பெரியவருக்கு என்ன உரிமை இருந்ததோ அது மட்டும்தான் அடுத்தவருக்குப் போகும். எஸ்டேட் லைன் வீடும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க அங்கே இருந்திருந்தாலும் அது கம்பெனியின் வீடு, உயிலில் எழுத முடியாது.

நமக்கு இது கட்டாயமா?

நீலகிரியில் எழுதிய உயில், சொத்தும் நீலகிரியில் மட்டும் என்றால் அது இந்துக்களுக்கு எப்போதுமே கட்டாயமாக இருந்ததில்லை. அந்த 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213ஆம் பிரிவு சென்னை, பம்பாய் உயர் நீதிமன்றங்களின் நகர எல்லைக்குள்ளும் பழைய வங்காளத்திலும் எழுதப்பட்ட உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனைகளுக்கும்தான் புரோபேட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. குன்னூரில் எழுதிய உயிலாக இருந்தாலும் மயிலாப்பூரில் ஒரு பிளாட் இருந்தால் அப்போது மாட்டிக்கொண்டோம். இஸ்லாமியர்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விலக்குக் கிடைத்தது. இப்போது 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரத்து மற்றும் திருத்தச் சட்டம் 213ஆம் பிரிவையே எடுத்துவிட்டது. ஊருக்கு ஒரு சட்டம், மதத்துக்கு ஒரு சட்டம் என்ற பழைய ஏற்பாடு போனது நல்லதுதான்.

கட்டாயம் போய்விட்டதால் தேவையும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லா வாரிசுகளும் ஒற்றுமையாக இருக்கிறார்கள், பதிவு செய்த உயில், நிலம் மட்டும்தான் சொத்து என்றால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்றவர்களின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு தாசில்தார் அலுவலகத்தில் பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுத்துப் பாருங்கள். புரோபேட் இல்லாமலே முடிய வாய்ப்பு உண்டு. ஒரே ஒருவர் ஆட்சேபித்தாலும் "சிவில் கோர்ட்டில் தீர்த்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். பங்குகளுக்கு நியமனதாரர் (நாமினி) இல்லை, வங்கியில் பெரிய தொகை இருக்கிறது, தோட்டத்தை வாங்க வருகிறவரின் வக்கீல் சந்தேகப்படுகிறார், ஒரு மகள் கோபித்துக்கொண்டு பேச்சு வார்த்தையே இல்லை என்ற நிலைகளில் புரோபேட் இருந்தால் வாயடைக்கலாம்.

நியமனதாரர் என்று சொன்னதால் ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கிலோ காப்பீட்டிலோ நியமனதாரராக இருப்பவர் அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பொதுவாக அது அவருடைய பணம் ஆகிவிடாது, உரியவர்களுக்காக அவர் கையில் இருக்கும் பணம் அது. காப்பீட்டுப் பணம் பற்றி 1983இலேயே உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது. பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023இல் தீர்ப்பு வந்தது. காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள் நியமனதாரராக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். உயிலில் பணம் ஒருவருக்கு, நியமனம் இன்னொருவருக்கு என்றிருந்தால், அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

சாட்சியை முதலில் தேடுங்கள்

உயிலின் கடைசிப் பக்கத்தைக் கையில் எடுங்கள். பெரியவரின் கையெழுத்துக்குக் கீழே "சாட்சிகள்" என்று எழுதி 1, 2 என்று இரண்டு கையெழுத்துகள் இருக்கும். பக்கத்தில் தகப்பனார் பெயர், ஹட்டியின் (ஊரின்) பெயர். போன் நம்பர் இருக்காது. முதல் சாட்சி எஸ்டேட் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றுத் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது சாட்சி இரண்டு வீடு தள்ளி இருக்கும் தாத்தா. வயது எண்பதை நெருங்குகிறது. அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டியது அவரைத்தான்.

"எனக்கு எதுக்குப்பா கோர்ட்டு? நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்றுதான் அவர் ஆரம்பிப்பார்.

"தப்பு ஒண்ணும் இல்லை தாத்தா. மாமா கையெழுத்துப் போட்டப்ப நீங்க கூட இருந்தீங்கன்னு ஜட்ஜ்கிட்டச் சொன்னாப் போதும்."

உண்மையிலேயே அவ்வளவுதான் கேட்பார்கள். பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா, நீங்கள் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டீர்களா, அப்போது அவர் நல்ல நினைவோடு இருந்தாரா. உயிலில் என்ன எழுதியிருந்தது என்று சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, அதற்கு முத்திரைத்தாளும் வேண்டாம். பதிவு செய்திருந்தால் பலம் கூடும், ஆனால் சாட்சி வர வேண்டாம் என்று ஆகிவிடாது. "ரிஜிஸ்டர் ஆன உயில்தானே" என்று நிம்மதியாக இருந்து ஏமாறுகிறவர்கள் அதிகம்.

தாத்தாவுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். எந்த வருஷம், யார் வீட்டுத் திண்ணை, கூட யார் இருந்தார்கள் என்று அவர் நினைவிலிருந்து சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லிக் கொடுத்த சாட்சி குறுக்கு விசாரணையில் இரண்டாவது கேள்விக்கே தடுமாறுவார். அவர் படுத்த படுக்கையாக இருந்தால், வீட்டுக்கே வந்து வாக்குமூலம் பதிவு செய்ய நீதிமன்றத்தின் சார்பில் ஒரு கமிஷனரை நியமிக்கச் சொல்லி மனுப் போடலாம். தொலைவில் இருந்தால் நீதிமன்ற அனுமதியோடு வீடியோ வழியாகச் சாட்சி சொல்லவும் வழி உண்டு. ஊட்டிக் குளிரில் எண்பது வயதுக்காரரைக் காலை பத்து மணிக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பதற்கு முன் இவற்றை வக்கீலிடம் கேளுங்கள்.

இரண்டு சாட்சிகளுமே இல்லை என்றால் கதை முடிந்துவிடவில்லை. சாட்சிகளின் இறப்புச் சான்றை வைத்து, அவர்களில் ஒருவருடைய கையெழுத்தையும் பெரியவருடைய கையெழுத்தையும் நன்றாக அறிந்தவர்கள் மூலம் நிரூபிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாட்சியின் பிள்ளை, கூட வேலை பார்த்தவர் யாராவது வர வேண்டும். பழைய கிரயப் பத்திரத்தில் இருக்கும் கையெழுத்து ஒப்பிட உதவும். பாடு அதிகம், அவ்வளவுதான்.

உயிலில் சந்தேகம் வரும்படி ஏதாவது இருந்தால் அதைத் தீர்க்கும் பாரம் உயிலைக் கொண்டுவருகிறவர் மேல்தான் விழும். வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை எல்லா நீதிமன்றத்திலும் எடுத்துக் காட்டப்படுகிறது. நடுங்கிய கையெழுத்து, அதிகம் பெறுகிறவரே முன்னின்று உயிலை எழுத வைத்தது, மனைவிக்கும் மகளுக்கும் ஒன்றும் இல்லாமல் ஒரே பிள்ளைக்கு எல்லாம் என்பவை சந்தேகத்தைக் கிளப்பும். உங்கள் உயிலில் அப்படி ஒன்று இருந்தால் மறைக்காமல் காரணத்தைத் தேடி வையுங்கள். மகளுக்குக் கல்யாணத்தின்போதே நிலம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றால் அந்தப் பத்திரத்தின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

அசலை அப்படியே விடுங்கள்

நம் ஊர் ஈரம் காகிதத்துக்குப் பெரிய எதிரி. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் பீரோவுக்குள் வைத்த துணியிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அதற்குப் பயந்து உயிலை லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நீதிபதி அந்தக் காகிதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கலாம், மையையும் பேனா அழுத்தத்தையும் நிபுணர் பார்க்க வேண்டியிருக்கலாம். பிளாஸ்டிக்கை உரிக்கப் போனால் கையெழுத்தும் சேர்ந்து வரும். ஸ்டேப்ளர் பின்னைக்கூடக் கழற்றாதீர்கள். கழற்றிய ஓட்டையைப் பார்த்தால், நடுவில் ஒரு பக்கம் மாற்றப்பட்டதா என்று எதிர்த்தரப்பு கேட்கும். துளை போடுவது, ஓரத்தில் பேனாவால் குறிப்பு எழுதுவது, கிழிசலில் டேப் ஒட்டுவது எதுவும் வேண்டாம். காய்ந்த உறையில் போட்டு, பிளாஸ்டிக் பையில் வைத்து, எடுத்து வைத்துவிடுங்கள்.

அதற்கு முன் எல்லாப் பக்கத்தையும், பின்பக்கத்தையும் சேர்த்து, கலரில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். மொபைல் போட்டோ போதாது, ஓரம் கோணலாகி எழுத்து மங்கும். அசல் நீதிமன்றத்துக்குப் போனால் திரும்பி வீட்டுக்கு வராது, அங்கேயே பத்திரமாக இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது முத்திரையிட்ட நகல்.

ஆன்லைனில் செய்யக்கூடியவை

இணையத்தில் இதைத் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் அரசின் பக்கம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிறைவேற்றுபவர் வக்கீல் இல்லாமலே அரசுத் தளத்தில் விண்ணப்பம் நிரப்பிக் கட்டணம் கட்டிவிட முடிகிறது. அங்கேயும் அசல் உயிலைத் தபாலில் அனுப்பியே ஆக வேண்டும். லண்டனில் இருக்கும் அக்காவின் உயிலுக்கு அந்த வழி சரி, கோத்தகிரித் தோட்டத்துக்கு அது பயன்படாது. நம் வழி இந்திய நீதிமன்றங்களின் இணையச் சேவையான இ-கோர்ட்ஸ்.

சொத்து விவரங்களைச் சேர்ப்பதில் தொடங்கலாம். இறப்புச் சான்றிதழை மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் விசாரித்துத் தருவார். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தைப் பார்க்கலாம், அரசு வழிகாட்டி மதிப்பும் அங்கேயே கிடைக்கும். பட்டா, சிட்டா விவரங்கள் வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் உள்ளன. பட்டாவில் இன்னும் தாத்தா பெயரே இருக்கிறது என்பது மலையில் சாதாரணம். அதைக் கண்டு பதற வேண்டாம், பெரியவருக்குச் சொத்து எப்படி வந்தது என்பதற்கான பத்திரங்களைச் சேர்த்து வையுங்கள்.

கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் பெரியவருக்கு உறுப்பினர் பங்கு இருந்ததா, பச்சைத்தேயிலைப் பணம் பாக்கி இருக்கிறதா என்று தொழிற்சாலையில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு விவசாயிகள் குடும்பத்தில் பட்டியலில் விட்டுப்போவது இதுதான். சின்னத் தொகையாக இருந்தாலும் அது சொத்து.

மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர் எப்போது காலமானார், இணைத்திருப்பது அவருடைய கடைசி உயில், அது முறையாக எழுதப்பட்டது, உங்கள் கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு எவ்வளவு, உயிலில் பெயர் இருக்கும் நிறைவேற்றுபவர் நீங்கள்தான். சாட்சிகளில் ஒருவர் கிடைக்கிறார் என்றால் அவரும் மனுவில் உறுதிமொழிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சியை முதலில் தேடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், தமிழ் உயிலுக்கு மொழிபெயர்ப்பும் வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் ஆங்கில மொழிபெயர்ப்புத் தேவைப்படும். சொத்துப் பட்டியலோடு கடன் பட்டியலும் வைக்க வேண்டும், ஈமச் செலவையும் அதில் காட்டலாம். நீதிமன்றக் கட்டணம் மதிப்பைப் பொறுத்தது, எனவே கடன்களை விடாமல் எழுதுங்கள்.

இ-பைலிங் தளத்தில் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். வக்கீலாகவும் பதியலாம், தானே ஆஜராகும் மனுதாரராகவும் பதியலாம். தமிழ்நாடு, நீலகிரி, மாவட்ட நீதிமன்றம் என்று தேர்ந்தெடுத்து, உங்கள் விவரமும் மற்ற வாரிசுகளின் முழு முகவரியும் நிரப்பி, காகிதங்களைப் பிடிஎஃப் ஆக ஏற்ற வேண்டும். கையெழுத்துக்கு ஆதார் ஓடிபி போதும். கட்டணத்தையும் ஆன்லைனில் கட்டலாம். பிறகு நீதிமன்ற அலுவலகம் பரிசீலித்துக் குறை இருந்தால் திருப்பும். திருப்பினார்கள் என்றால் மனு தள்ளுபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, குறையைச் சரிசெய்து மறுபடி ஏற்றலாம். எல்லாம் சரி என்றதும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அந்த எண் இருந்தால் அடுத்த வாய்தா எப்போது என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் பெங்களூரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு மலைச்சாலையில் வந்து "இன்னைக்குக் கேஸ் இல்லை" என்று கேட்டுத் திரும்பிய காலத்தை நினைத்தால் இது பெரிய நிம்மதி.

வக்கீல் இல்லாமலே செய்யலாமா என்று கேட்டால், சட்டப்படி தடையில்லை. ஆனால் யாராவது ஆட்சேபிக்கும் வாய்ப்பு இருந்தால் என் யோசனை, வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். காகிதமெல்லாம் நீங்களே சேர்த்துக் கொடுத்தால் அவருடைய வேலையும் பாதியாகும்.

எந்த நீதிமன்றம் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரியவர் நிரந்தரமாக வசித்த இடமோ, அவருடைய சொத்தில் ஏதாவது ஒன்றோ நீலகிரியில் இருந்தால் ஊட்டியில் உள்ள மாவட்ட நீதிமன்றம் மனுவை எடுக்கலாம். அது தரும் புரோபேட் தமிழ்நாடு முழுக்கச் செல்லும். மாநிலத்துக்கு வெளியே இருக்கும் சொத்தின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேல் போனால் அங்கே அது செல்லாது. சட்டத்தில் எழுதியிருக்கும் இந்தப் பத்தாயிரம் இன்றைக்கு ஒன்றுமே இல்லை. எல்லை தாண்டினால் வயநாடு, மைசூரு. கேரளத்தில் காப்பித் தோட்டமோ பெங்களூரில் பிளாட்டோ இருக்கிற குடும்பம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே நேராகப் போவது நல்லது, அது தரும் புரோபேட் இந்தியா முழுக்கச் செல்லும். நிறைவேற்றுபவர் நீங்கள் ஒருவரே, வெளிமாநிலத்தில் இருக்கிறீர்கள், வந்து போகவே முடியாது என்றால், உங்கள் முகவராக ஊரில் ஒருவருக்கு நிர்வாகக் கடிதம் வாங்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

இறந்து ஏழு நாள் ஆகும் முன் புரோபேட் தர மாட்டார்கள். தாமதத்துக்கும் எல்லை உண்டு. மனுப் போட உரிமை எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுகள் என்ற காலவரம்பு புரோபேட் மனுவுக்கும் பொருந்தும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டில் பேசித் தீர்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்காதீர்கள்.

மனுவுக்கு எண் கிடைத்ததும் மற்ற வாரிசுகளுக்கு நோட்டீஸ் போகும், பத்திரிகையிலும் அறிவிப்பு வரும். யாரும் வரவில்லை என்றால் சாட்சியை விசாரித்து உத்தரவு ஆகும். யாராவது கேவியட் (ஆட்சேபனை மனு) போட்டு எதிர்த்தால் மனு முழு வழக்காக மாறும், வருஷங்கள் பிடிக்கும். நோட்டீஸ் தபாலில் வந்துதான் அத்தை மகளுக்கு உயிலைப் பற்றியே தெரிகிறது என்றால் அவர் எதிர்ப்பார், யாராக இருந்தாலும் எதிர்ப்பார்கள். முன்னாலேயே போய் உட்கார்ந்து நகலைக் காட்டிப் பேசிவிட்டு வந்தால் பாதி வழக்குகள் பிறக்கவே பிறக்காது.

தோட்டமும் கணக்கும்

புரோபேட் வரும் வரை தேயிலை காத்திருக்காது. கொழுந்தைச் சுற்றுச் சுற்றாகப் பறித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் முற்றிப்போகும், செடியும் கெடும். சொத்தைக் காப்பது நிறைவேற்றுபவரின் கடமை, அதற்கான நியாயமான செலவைச் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்தே ஒரு தனி நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை கிலோ இலை, தொழிற்சாலை கொடுத்த விலை, பறித்தவர்களுக்குக் கூலி, உரம், கவாத்து. தொழிற்சாலை தரும் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். இலைப் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் கலக்காதீர்கள். நேர்மையான மனிதர்கள்கூடக் கெட்ட பெயர் வாங்குவது இந்த ஓர் இடத்தில்தான்.

பணம் யாருக்கு முதலில் என்பதையும் சட்டமே வரிசைப்படுத்தியிருக்கிறது. ஈமச் செலவும் கடைசிக் கால மருத்துவச் செலவும் முதலில். அடுத்தது புரோபேட் வாங்கிய செலவு. அதற்கடுத்து, இறப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த கூலியாட்களுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் பாக்கியுள்ள கூலி. அப்புறம் மற்றக் கடன்கள். அதற்கும் பிறகுதான் உயிலில் பெயர் உள்ளவர்கள். கொழுந்து பறித்த அம்மாக்களின் கூலியை வங்கிக் கடனுக்கும் பிள்ளைகளின் பங்குக்கும் முன்னால் வைத்த இந்த விதியை 322ஆம் பிரிவு சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. அவர்கள் கேட்டு வர மாட்டார்கள், பெரியவர் போன துக்கத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள். நீங்களாகத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும்.

"என் பங்கை இப்பவே பிரிச்சுக் குடுங்க அண்ணா" என்று யாராவது அவசரப்படுத்தினால், இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறைவேற்றுபவருக்கு இல்லை. தெரியாத கடன் ஏதாவது வெளியே வந்தால் அடைக்க அந்த அவகாசம் உதவும். கையில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டுப் பிறகு கடன்காரர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

புரோபேட் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் முழுச் சொத்து, கடன் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் அதே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நோட்டும் சீட்டுகளும் இருந்தால் இது ஒரு நாள் வேலை. பட்டா மாற்றத்துக்கும் வங்கிக்கும் பங்குகளுக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள் என்பதால் சான்றளித்த நகல்களைத் தேவைக்குச் சற்று அதிகமாகவே வாங்கிக்கொள்ளுங்கள். பங்கைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ரசீதில் கையெழுத்து வாங்கி, அதன் நகலைக் கணக்கோடு சேர்த்துத் தாக்கல் செய்துவிடுங்கள். தம்பியோ தங்கையோ, ரசீது இல்லாமல் எதையும் கொடுக்க வேண்டாம்.